அளவுகோலும் அப்பமும்

வார தியானம். வாசிக்க: 1 இராஜாக்கள் 19:1–8



நெடுநாள் கழித்துச் சந்திக்கிற ஒருவரைப் பார்த்து, "ஏன் இப்படி இளைத்துப் போய்விட்டீர்கள்?" என்று கேட்பது நம் முன்னோரின் வழக்கம். அந்தக் கேள்வியில் கவலை இருந்தது. வீட்டில் ஏதேனும் குறைவோ, நோயோ, மனத்தாங்கலோ என்ற பயம் அதற்குள் இருந்தது. இன்று அதே சொல் பாராட்டாக மாறிவிட்டது. "இளைத்துவிட்டீர்களே!" என்று கேட்டவுடன் முகம் மலர்கிறது. "கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறீர்கள்" என்றாலோ அந்த இரவு சாப்பாடு இறங்குவதில்லை. ஒரே சொல்லின் பொருள் இரண்டு மூன்று தலைமுறைக்குள் இப்படித் தலைகீழாகியிருக்கிறது.

வந்தவாசியும் ஆரணியும் சேர்ந்த நம் பகுதியில் இந்த மாற்றம் இன்னும் விசித்திரமானது. நெல் விளைந்து, அவிந்து, அரைபட்டு, மூட்டையாகி வெளியூர் போகிற மண் இது. ஆரணி அரிசி, களம்பூர் அரிசி என்ற பெயர்களைச் சென்னைக் கடைக்காரரும் அறிவார். அந்த அரிசி ஆலைகளின் நிழலில் வாழ்கிற நாமே இன்று சோற்றுக்கு அஞ்சுகிறோம். நம் தறிகளில் நெய்த முகூர்த்தப் பட்டை உடுத்தப்போகிற மணப்பெண், அதற்கு மூன்று மாதம் முன்பே தட்டைத் தள்ளிவைக்கிறாள். சிலர் இதற்கு உபவாசம் என்று பெயரிட்டுக்கொள்கிறார்கள். வேறு சிலர் ஒருவேளை வயிறாரச் சாப்பிட்டதற்காக மறுநாள் ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கிறார்கள்.

ஆகாரத்தின்மேல் இந்தப் பயமும், சரீரத்தின்மேல் இந்த வெறுப்பும் எங்கிருந்து வந்தன? வேதம் இவற்றைக் கற்பித்ததா? இந்த வாரம் சற்றே நீண்ட ஒரு வரலாற்றுப் பாதையில் என்னோடு நடந்து வாருங்கள். நாம் இன்று கையில் வைத்திருக்கும் அளவுகோல்கள் எதற்காகச் செய்யப்பட்டவை என்பதை அறிந்தால், அவற்றுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்பதும் விளங்கும்.

தாது வருடத்து ஒரு பவுண்டு

தாது வருடப் பஞ்சம் என்ற பெயரை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876 இல் மழை பொய்த்தது. 1878 வரை நீண்ட அந்தக் கொடுமை சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் ஆகிய பகுதிகளைச் சூறையாடியது. இறந்தவர்கள் சுமார் 55 இலட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வந்தவாசியும் ஆரணியும் அன்று அடங்கியிருந்த வட ஆர்க்காடு மாவட்டம் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களில் ஒன்று. விவசாயி விளைச்சலை இழந்தார். நெசவாளரோ விளைச்சல் போனவுடனேயே வாடிக்கையாளரை இழந்தார். சோற்றுக்கு வழியில்லாதவர் துணி வாங்குவதில்லை.

1877 ஜனவரியில் இந்திய அரசு ரிச்சர்ட் டெம்பிள் என்ற உயர் அதிகாரியைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பியது. சில ஆண்டுகளுக்கு முன் பீகார் பஞ்சத்தில் மிகுதியாகச் செலவழித்துவிட்டார் என்று பழிக்கப்பட்டவர் அவர். இம்முறை சிக்கனத்தைக் காட்டவேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. நிவாரண வேலைத்தலங்களில் மண் சுமந்தும் கல் உடைத்தும் உழைத்தவருக்கான கூலி குறைக்கப்பட்டது. ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும், அதற்குமேல் ஒரு சிறு தொகையும் போதும் என்று முடிவாயிற்று. ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். மனிதன் எவ்வளவு குறைவாக உண்டு உயிர் தரிக்கமுடியும் என்பதே அந்த ஏற்பாட்டின் கேள்வி.

அதை எதிர்த்து ஒரு மருத்துவர் எழுந்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்பவர் அவர். இந்த மாகாணத்து மக்கள் எதை, எவ்வளவு உண்கிறார்கள் என்பதை 1863 ஆம் ஆண்டிலேயே தொகுத்து அறிக்கை தந்தவர். உழைக்கிற உடலுக்கு இந்த அளவு போதாது என்றும், வெறும் தானியம் மட்டும் உணவாகாது, பருப்பும் பிறவும் வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். ஓர் எல்லைக்குமேல் நலிந்துவிட்ட உடலுக்குப் பிறகு எவ்வளவு சோறு போட்டாலும் அது தேறுவதில்லை என்று எச்சரித்தார். வேலைத்தலங்களில் நடமாடும் எலும்புக்கூடுகள் அவர் வாதத்துக்குச் சாட்சி கூறின. அதே ஆண்டில் அரசு அந்த அளவை உயர்த்தவேண்டியதாயிற்று. இடைப்பட்ட மாதங்களில் போன உயிர்கள் திரும்பவில்லை.

அதே நாட்களில் வேலூரில், மிஷனெரி குடும்பம் ஒன்றில், ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். 1870 இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் தான் அவள். பசியால் ஒடுங்கி வந்த பிள்ளைகளில் சிலருக்கு ரொட்டித் துண்டைக் கையில் பிடிக்கவும் பெலன் இல்லை. அச்சிறுமி அதைப் பிட்டு அவர்கள் வாயில் ஊட்டினாள் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வாசிக்கிறோம். பின்னாளில் 1900 இல் மருத்துவராகத் திரும்பிவந்து வேலூரில் அவர் தொடங்கிய பணியே இன்று நாம் சி.எம்.சி. என்று அழைக்கும் மருத்துவமனை.

அன்பானவரே, ஒரே ஆண்டில், ஒரே மாகாணத்தில், பசித்த உடலை இரண்டு விதமாக நோக்கிய கண்களை இங்கே காண்கிறோம். ஒன்று எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும் என்று கேட்டது. மற்றொன்று அளக்காமல் பிட்டுக் கொடுத்தது. இந்த இரண்டில் எந்தக் கண்ணால் நீங்கள் உங்கள் சொந்தச் சரீரத்தைப் பார்க்கிறீர்கள்?

அந்தப் பஞ்சத்தின் நாட்களில் நம் பகுதியின் ஆர்க்காடு மிஷன் சபைகளை நாடி அநேகர் வந்தனர். அவர்களைச் "சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள்" என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. பசித்தது ஒரு வெட்கம், உண்டது ஒரு வெட்கம் என்று ஆக்கிய ஏச்சு அது. நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் அந்த வெட்கத்தைச் சுமந்தனர். அதை நாம் வேறு வடிவில் மீண்டும் சுமக்கவேண்டியதில்லை.

எண்கள் வந்த வழி

இனி நாம் நம்மை அளக்கப் பயன்படுத்தும் எண்களைப் பார்ப்போம்.

இன்று மருத்துவமனைச் சுவரிலும் கைப்பேசியிலும் காணும் உடல் நிறை குறியீட்டு எண்ணின் மூலச் சூத்திரத்தைத் தந்தவர் மருத்துவர் அல்லர். அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜிய நாட்டு வானியலாளர், புள்ளியியல் அறிஞர். 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் "சராசரி மனிதன்" எப்படியிருப்பான் என்று அறிய அவர் ஆவல்கொண்டார். பெருந்திரளான மக்களின் உயரத்தையும் எடையையும் ஒப்பிட்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் விகிதத்தைக் கண்டார். ஒரு தனி மனிதர் பருமனா, ஆரோக்கியமா என்று தீர்ப்பதற்காக அவர் அதைச் செய்யவில்லை.

உணவின் வெப்ப ஆற்றலை அளக்கும் கலோரிக் கணக்கை அமெரிக்காவில் பரப்பியவர் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர். ஒரு மெதடிஸ்ட் போதகரின் மகன். ஏழைத் தொழிலாளி தன் குறைந்த கூலியில் எந்த உணவை வாங்கினால் உடலுக்கு மிகுந்த பெலன் கிடைக்கும் என்பது 1890களில் அவர் மனத்தில் இருந்த பெரிய கேள்வி. போதிய உணவு கிடைக்கவேண்டும் என்பதற்காகப் பிறந்த கணக்கு அது.

1918 இல் லுலு ஹண்ட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் அந்தக் கணக்கைத் திருப்பிப் பிடித்தார். எடையைக் குறைக்க விரும்புகிறவர்கள் ரொட்டித் துண்டு என்று நினைக்காமல் இத்தனை கலோரி என்றே நினைக்கப் பழகவேண்டும் என்று கற்பித்து, நாளொன்றுக்கு 1200 கலோரி என்ற வரம்பை வகுத்தார். அவருடைய நூல் இலட்சக்கணக்கில் விற்றது. இன்று உங்கள் கைக்கு வந்துசேரும் பத்தியப் பட்டியல் பலவற்றிலும் இருப்பது ஏறத்தாழ அதே எண்தான்.

இப்போது ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டு அரிசியின் ஆற்றல் ஏறக்குறைய 1600 கலோரி. தாது வருடத்தில், சிக்கனத்தின் பெயரால், ஒரு மாகாணத்தின் மருத்துவ ஆணையர் போதாது என்று கூவிய அளவு அது. மண் சுமந்த அந்த உழைப்பு வேறு, நம் அன்றாட வாழ்வு வேறு என்பது உண்மை. ஆயினும் பஞ்சக் கூலியைவிடக் குறைந்த அளவை, யாரும் கட்டளையிடாமலே, நிறைந்த குதிரின் அருகில் நின்றுகொண்டு நாமே நமக்கு விதித்துக்கொள்கிறோம் என்பதைச் சற்று நின்று யோசிக்கவேண்டாமா?

36 வாலிபர் பட்ட பசி

"மனவுறுதி இருந்தால் போதும், சில மாதம் வாயைக் கட்டினால் ஆசை அடங்கிவிடும்" என்று சொல்வார்கள். அது மெய்யா என்று ஏற்கெனவே சோதிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சோதனையில் பங்குபெற்றவர்களில் பலர் நம்மைப்போல் சபையைச் சேர்ந்தவர்களே.

இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டம். ஐரோப்பாவில் கோடிக்கணக்கானோர் பட்டினியில் வாடினர். போர் முடிந்தபின் அவர்களை எப்படி மீட்டெடுப்பது என்று அறிய, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 1944 நவம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். மனச்சாட்சியின் பொருட்டு ஆயுதம் தரிக்க மறுத்த 36 வாலிபர் மனமுவந்து முன்வந்தனர். மென்னோனைட், பிரதரன், குவேக்கர் ஆகிய சமாதான சபைகளைச் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். கொல்லுவதற்குப் பதிலாகத் தம் சரீரத்தைக் கொடுத்து மற்றவர்களை வாழவைக்கலாம் என்று எண்ணினார்கள். உடலிலும் உள்ளத்திலும் உறுதியுள்ளவர்களாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள்.

1945 பிப்ரவரி முதல் 24 வாரம் அவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 1570 கலோரி உணவு தரப்பட்டது. வாரத்துக்கு 22 மைல் நடக்கவேண்டும். உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி போன்றவையே ஆகாரம். அவர்கள் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது.

உடல் மெலிந்ததைவிட உள்ளம் பட்ட பாடு பெரிது. கோடையிலும் குளிர்ந்தது. சிரிப்பு மறைந்தது. எரிச்சலும் சோர்வும் வந்தன. நண்பரோடு பேசவும் விருப்பமில்லை. எந்நேரமும் ஆகார நினைவே. சமையல் புத்தகங்களைத் தியானப் புத்தகம்போல் வாசித்தனர். கனவிலும் சாப்பாடு வந்தது. கிடைத்த சிறிதளவை நெடுநேரம் வைத்திருந்து உண்டனர், தட்டை நக்கினர். எலும்பு தெரிய மெலிந்திருந்தும் தங்கள் மெலிவை உணராமல், எதிரே வருகிறவர்களே அதிகம் பருத்திருப்பதாகக் கண்டவர்களும் அவர்களில் உண்டு.

உணவு திரும்பக் கொடுக்கப்பட்டபோதும் பசி உடனே நீங்கவில்லை. வயிறு நிறைந்த பின்னும் நிறைவு வரவில்லை. கட்டுப்பாடு நீங்கியதும் ஆயிரக்கணக்கான கலோரிகளை ஒரே நாளில் உண்டும் அடங்காதவர்கள் இருந்தனர். முழுவதும் தேறுவதற்குப் பல மாதங்களுக்கு நாளொன்றுக்கு 4000 கலோரி அளவுக்கு வேண்டியிருக்கும் என்று கீஸ் முடிவுக்கு வந்தார். தாராளமாகவும் பொறுமையாகவும் ஊட்டப்பட்டபோதே, மெல்ல மெல்ல, உடலும் உள்ளமும் பழைய நிலைக்குத் திரும்பின.

பகல் முழுவதும் வாயைக் கட்டிவிட்டு இரவில் அடுக்களையில் தனியே நின்று உண்டு, பிறகு கண்ணீர் விடுகிற சகோதரியே, இதை வாசித்தீர்களா? உங்களுக்கு நேர்வது ஒழுக்கக்கேடு அன்று. பசித்த உடல் உயிர் காக்கச் செய்யும் வேலை அது. திடமான அந்த வாலிபரையும் அதே பசி அப்படித்தான் ஆட்டிப்படைத்தது. உணவைக் குறுக்கக் குறுக்க உணவைப்பற்றிய நினைவு பெருகும். தட்டு சிறுத்தால் மனத்துக்குள் இருக்கும் தட்டு பெரிதாகும்.

வரலாற்றின் விந்தை ஒன்றையும் சொல்லவேண்டும். பட்டினி மனிதனை என்ன செய்யும் என்று உலகுக்குக் காட்டிய அதே ஆன்செல் கீஸ்தான், 1972 இல் கெட்லேயின் பழைய விகிதத்தை எடுத்து, உடல் நிறை குறியீட்டு எண் என்று பெயர் சூட்டியவர். 7000க்கும் மேற்பட்டோரின் அளவுகள் அந்த ஆய்வில் இருந்தன, அனைவரும் ஆண்கள். கூட்டங்களை ஒப்பிடுவதற்கு உதவும் எளிய கருவி என்றே அவர் அதைக் கருதினார். அந்த எண்ணை வைத்து ஒரு தாய் தன் மகளின் தட்டிலிருந்து சோற்றை எடுப்பாள் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார்.

சபையும் குற்றமற்றதன்று

சரீர வெறுப்பு முழுவதும் உலகத்திலிருந்து மட்டும் வந்ததன்று. சபைக்குள்ளும் அதற்கு நீண்ட வரலாறு உண்டு.

நான்காம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவில் ஒரு கூட்டத்தார் எழும்பினர். இறைச்சி உண்பவனுக்கு நம்பிக்கையில்லை என்றனர். ஆண்டவரின் உயிர்ப்பைக் கொண்டாடும் ஞாயிறன்றும் உபவாசித்தனர். ஏழைகளுக்காகவும் சகோதரருக்காகவும் வைக்கப்படும் அன்பின் விருந்துக்கு வர மறுத்தனர். கங்கிராவில் கூடிய ஆலோசனைச் சங்கம் இவர்களைக் கண்டித்தது. ஒறுத்தலை அது கண்டிக்கவில்லை. ஒறுத்தலைக் காட்டி உண்பவனை இழிவுபடுத்துவதையே கண்டித்தது. 1600 ஆண்டுகளுக்கும் மேலான அந்தத் தீர்ப்பு இன்னும் புதியதாகவே இருக்கிறது.

ஆயினும் அந்த ஆவி அழியவில்லை. 14 ஆம் நூற்றாண்டில் சியன்னா நகரத்துக் கத்தரீன், ஏழைகளுக்குத் தொண்டு செய்தவர், போப்புக்கே புத்தி சொல்லும் துணிவு பெற்றவர். தம் உடலுக்கு மட்டும் ஆகாரத்தை மறுத்துக்கொண்டே வந்தார். ஆவிக்குரிய வழிகாட்டிகள் உண்ணும்படி கட்டளையிட்டும் அவரால் முடியவில்லை. 33 வயதில், 1380 இல், மரித்தார். அவருடைய பக்தியை மதிக்கிறோம். உண்ணக்கூடாமற்போன அந்த வேதனையைப் பரிசுத்தத்தின் மாதிரியாக எடுக்கவேண்டியதில்லை.

நம் காலத்துக்கு அருகில், 1957 இல், சார்லி ஷெட் என்ற அமெரிக்கப் பிரஸ்பிடேரியன் போதகர் ஜெபத்தினால் எடையைக் குறைப்பதைப்பற்றி ஒரு நூல் எழுதினார். அன்று முதல் பத்தியமும் பக்தியும் கைகோத்துக்கொண்ட புத்தகங்கள் பெருகின. இன்று நம் ஊர்ச் சபைகளிலும் "தானியேல் உபவாசம்" உடலை மெலியவைக்கும் வழியாகச் சொல்லப்படுகிறது. தானியேலின் முதலாம் அதிகாரத்தைத் திறந்து நிதானமாக வாசியுங்கள். மரக்கறியும் தண்ணீரும் உண்ட அந்த நான்கு வாலிபரும் பத்து நாளைக்குப் பிறகு மெலிந்து காணப்பட்டதாக எழுதியில்லை. ராஜபோஜனம் உண்டவர்களைவிடச் சதைப்பற்றோடும் முகப்பொலிவோடும் இருந்தார்கள் என்றே எழுதியிருக்கிறது!

உபவாசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஏசாயா 58 ஆம் அதிகாரம் காட்டும் உபவாசத்தில் என் தட்டிலிருந்து குறைவது பசித்தவன் தட்டுக்குப் போகிறது. கண்ணாடிமுன் நின்று இடுப்பை அளப்பதற்காகத் தள்ளப்பட்ட சோறு யார் தட்டுக்கும் போவதில்லை. அதற்குப் பத்தியம் என்று பெயர்; உபவாசம் என்ற பெயர் பொருந்தாது.

சூரைச்செடியின் கீழே

இப்போது நமது தியானப் பகுதிக்கு வருவோம். எலியா ஓடுகிறார். யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்குள் ஒரு நாள் பயணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்கிறார். தன் பிதாக்களைவிடத் தான் மேலானவனல்ல என்பது அவர் தன்மேல் கூறிக்கொண்ட தீர்ப்பு. தன்னைத் தானே அளந்து, குறைவு என்று கண்டு, வாழத் தகுதியில்லை என்று முடிவுகட்டிவிட்டார்.

தேவன் என்ன செய்தார் என்று கவனியுங்கள். கடிந்துகொள்ளவில்லை. உபதேசிக்கவில்லை. முதலில் உறங்கவிட்டார். பிறகு ஒரு தூதன் தொட்டு எழுப்பி உண்ணச் சொன்னான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். எலியா உண்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் "ஒருமுறை தந்தாயிற்றே" என்று போய்விடவில்லை. இரண்டாந்தரமும் வந்து எழுப்பி, போகவேண்டிய வழி நெடியது என்பதை நினைப்பூட்டி உண்ணவைத்தான். ஓரேபில் தேவனுடைய மெல்லிய சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் எலியாவுக்கு இரண்டு முறை ஆகாரம் தேவைப்பட்டது. தேவன் அதை இழிவாக எண்ணவில்லை.

நம் ஆண்டவரும் அப்படியே. போஜனப்பிரியன் என்று ஏசப்படும் அளவுக்கு எல்லாரோடும் பந்தியிருந்தார். உயிர்த்தெழுந்தபின் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, இரவெல்லாம் உழைத்துச் சோர்ந்த சீஷருக்கு மீனும் அப்பமும் ஆயத்தம் செய்தார். பேதுருவிடம் கேட்கவேண்டிய கடினமான கேள்வி அவரிடம் இருந்தது. அதைச் சாப்பிட்ட பிறகே கேட்டார்.

இதை வீட்டில் எப்படிக் கைக்கொள்வது? சில எளிய காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, நேரத்துக்குப் போதுமான அளவு உண்ணுங்கள். ஒரு வேளையைத் தள்ளி மறுவேளையில் ஈடுசெய்யும் வழக்கத்தை விடுங்கள். 1995 இல் ஈவ்லின் ட்ரிபோலி, எலிஸ் ரெஷ் என்ற இரண்டு அமெரிக்க உணவியல் வல்லுநர்கள், பத்தியத்தைக் கைவிட்டு உடலின் பசியையும் நிறைவையும் கேட்டு உண்ணக் கற்கலாம் என்று ஒரு நூலில் வலியுறுத்தினர். நம் பாட்டிமார் அதைப் "பசித்துப் புசி" என்று இரண்டே சொல்லில் சொல்லிவிட்டார்கள். பசிக்கும்போது உண்பதும், போதும் என்று வயிறு சொல்லும்போது நிறுத்துவதும் குழந்தைக்குத் தெரிந்த ஞானம். அதை நாம் மீண்டும் கற்கவேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். மினசோட்டா வாலிபருக்கே மாதக்கணக்கில் ஆனது.

இரண்டாவது, உணவைப் பாவம் என்றும் புண்ணியம் என்றும் பிரிக்காதிருங்கள். சோறு சோறுதான். கேழ்வரகுக் கூழ் கூழ்தான். அவற்றை நன்றியோடு உண்ணும்போது இரண்டும் தேவனுடைய ஈவுகள்.

மூன்றாவது, பிறருடைய உடலைப்பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள். பாராட்டாகவும் வேண்டாம், கேலியாகவும் வேண்டாம். சபையின் அன்பின் விருந்தில் ஒருவர் தட்டைப் பார்த்து மற்றொருவர் "இவ்வளவா?" என்று கேட்கக்கூடாது. பிள்ளைகள் காதில் விழ உங்கள் சொந்த உடலைப் பழிக்கவும் கூடாது. பெற்றோர் கண்ணாடிமுன் சொல்வதைப் பிள்ளைகள் ஜெபத்தைவிட விரைவில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

நான்காவது, மருத்துவரை விடாதிருங்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உடையவர்கள் தங்கள் மருத்துவர் சொல்லும் உணவு முறையைக் கைக்கொள்ளவேண்டும். அது சரீரத்தைப் பேணுதல், தண்டித்தல் அன்று. அதுபோல, உங்கள் வீட்டில் ஒருவர் உண்ண மறுத்து மெலிந்துகொண்டேயிருந்தாலோ, உண்டதை வலிந்து வாந்தி எடுத்தாலோ, அது பிடிவாதமும் அன்று, பிசாசின் பிடியும் அன்று. உயிருக்கே கேடு விளைவிக்கக்கூடிய நோய். தாமதியாமல் மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அவர்களோடு நாமும் ஜெபத்தில் நிற்போம்.

மத்தேயு 6 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஆகாரத்தையும் உடையையும் சேர்த்தே பேசினார் என்பது நெல்லும் பட்டும் விளைகிற நம் ஊருக்குத் தனிச் செய்தி. உயிர் ஆகாரத்தைவிடப் பெரியது, சரீரம் உடையைவிடப் பெரியது என்பது அவருடைய போதனையின் சாரம். உடைக்குப் பொருந்தும்படி உடலை வெட்டிக் குறுக்குகிறவர்கள் அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். ஆரணித் தறியில் இறங்கும் புடவையை எண்ணிப்பாருங்கள். அதில் சிறியது, பெரியது என்று உடல் அளவு குறிக்கப்படுவதில்லை. நெய்கிறவர் உடுத்தப்போகிறவளின் இடுப்பைக் கேட்பதில்லை. ஒரே நீளம், கொசுவத்தில் ஒரு மடிப்புக் கூடும், ஒரு மடிப்புக் குறையும், பூரித்தவளையும் மெலிந்தவளையும் அது ஒன்றுபோல் தழுவிக்கொள்ளும். கைத்தறி வேலை அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பாவுக்குக் கஞ்சி காட்டினால்தான் இழை பெலப்படும். கஞ்சி காணாத இழை தறியின் அடியைத் தாங்காமல் அறுந்துபோகும். நூலுக்கே கஞ்சி ஊட்டி நெய்கிற ஊரில் பிறந்த நாம், நம் பிள்ளைகளைப் பட்டினியால் அழகாக்கமுடியும் என்று நம்பலாமா?

அன்பானவரே, இன்று மதியம் தட்டின் முன்னே உட்காரும்போது அளவுகோலை அப்பால் வையுங்கள். ஒரு பவுண்டு என்றும் 1200 என்றும் குறியீட்டு எண் என்றும் யாரோ எதற்கோ செய்த அளவுகள் அவை. நீங்கள் யாருடையவர் என்பதைச் சொல்ல அவற்றால் ஆகாது. தாது வருடத்தைத் தாண்டி உங்கள் முன்னோர் உயிர்பிழைத்ததால் அல்லவா இன்று நீங்கள் இருக்கிறீர்கள்? அவர்கள் ஏங்கிய சோறு உங்கள் தட்டில் இருக்கிறது. பயமின்றி அதை உண்ணுங்கள். உங்கள் தெருவில் தட்டு வெறுமையாயிருக்கிறவர் எவரேனும் இருந்தால், அவரையும் அழைத்து உட்காரவையுங்கள்.

ஜெபம்: எங்களை உருவாக்கின பிதாவே, எங்கள் சரீரத்தை நாங்கள் வெறுத்த நாட்களிலும் அதற்கு நீர் ஆகாரம் தந்தீர். எலியாவை எழுப்பினதுபோல் எங்களையும் தொட்டு எழுப்பும். நன்றியோடு உண்ணவும், பகிர்ந்து உண்ணவும், ஒருவரையொருவர் அளக்காதிருக்கவும் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.